தெருவைத் தாண்டும் முன்பே

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஊராட்சிக்கு நீ எழுதிய கழிவுநீர்த் திட்ட அறிக்கையைப் படித்தேன். கூட்டல் பெருக்கலில் பிழையில்லை. பிடிக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1,200 பேர், தலைக்கு 55 லிட்டர், அதில் 80 விழுக்காடு கழிவுநீர், ஆக நாளொன்றுக்கு 52,800 லிட்டர் என்று போட்டிருக்கிறாய். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு 55 லிட்டர்தான். 80 விழுக்காடும் வழக்கமாக எல்லோரும் போடுவதுதான். ஆனால் அதற்கு நாலு பக்கம் முன்னால், எந்த வீட்டில் மாடு நிற்கிறது, எந்த வீட்டுக் கழுநீர் தொழுவத்துக்குப் போகிறது, யார் வீட்டுக் குளியல் தண்ணீர் தென்னைக்குப் பாய்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதியிருக்கிறாயே! என் பணிக்காலம் முழுதும் இப்படியோர் அட்டவணையை எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. அடுப்படி வரை போய்க் கழுநீர்ப் பானையைத் தேடிய பொறியாளர் நீ ஒருவன்தான். அவ்வளவும் செய்துவிட்டு, கணக்கு என்று வந்ததும் எல்லோரும் போடும் எண்ணையே நீயும் போட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எல்லா வீட்டுத் தண்ணீரும் வாய்க்காலுக்கு வரும் என்று வைத்துக்கொண்டாய். மற்றவையெல்லாம் அதன் பின்னால் வந்துவிட்டன: ஊர் முழுக்க சிமெண்ட் வாய்க்கால், கடைசியில் பெரிய தொட்டி, ஜல்லிப் படுகை, அதற்கொரு மோட்டார். மோட்டார் என்று கண்டதும் பென்சிலால் அடித்துவிட்டேன். குடிநீர் மோட்டாரும் இதுவும் ஒரே வாரத்தில் புகைந்தால் ஊராட்சி எதற்குக் காயில் கட்டும்? கழிவுநீர் மோட்டார் கிடந்த இடத்தில் கிடக்கும். தேங்கிய தண்ணீரில் கியூலெக்ஸ் கொசு பெருகும்.

தொட்டிக்கு நீ காட்டிய இடம்தான் என்னை இன்னும் வருத்தியது. 'ஊரின் மிகத் தாழ்வான பகுதி' என்று எழுதியிருக்கிறாய். உன் வரைபடத்திலேயே அங்கே காலனி இருக்கிறது. மட்டம் பார்த்தால் நீ சொல்வது சரி. மேட்டில் வீடு கட்டிக்கொண்டவர்கள் யார், பள்ளத்தில் மனை ஒதுக்கப்பட்டவர்கள் யார் என்று மட்டக்கருவி சொல்லாது. ஊர்ச் சாக்கடை அவர்கள் வாசலில் போய் முடிவது பழைய கதை. அரசுப் பணத்தில் காங்கிரீட் போட்டு அதை நாம் நிலைநிறுத்தக் கூடாது.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேஸ்திரி இருந்தார். டம்பி லெவல் வைத்து நாங்கள் அளந்து முடிக்கும்வரை ஓரமாக நிற்பார். பிறகு ஒரு குடம் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு அதன் பின்னாலேயே நடப்பார். செம்மண் தெருவென்றால் பத்தடி போவதற்குள் மண் குடித்துவிடும். "இங்கயே அடங்குறத எதுக்கு சார் ஊரச் சுத்தி இழுத்துட்டுப் போறீங்க?" என்பார்.

மகாராஷ்டிரத்தில் நாந்தேட் மாவட்டத்து டெம்பூர்ணி, வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி வெட்டித் தெருச் சாக்கடையையும் கொசுவையும் ஒழித்ததால் பெயர் பெற்றது. நீ குழி தோண்டி நீர் இறங்கும் நேரம் பார்த்த மூன்று தெருவும் செம்மண். அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு நீளம், அகலம், ஆழம் எல்லாம் ஒரு மீட்டரில் ஒரு குழி. அதற்கு முன்னால் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தங்க ஒரு சிறு தொட்டி. குடிநீர்க் கிணற்றுக்கும் கைப்பம்புக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம். கரிசல் கிடக்கும் குளத்தங்கரைத் தெருவில் குழி உறிஞ்சாது. வாய்க்காலையும் கல்வாழைப் படுகையையும் அங்கே வை. அந்தத் தெருத் தண்ணீருக்கு மட்டும், அந்தத் தெருக் கோடியிலேயே. கிரஷர் ஜல்லியைக் கழுவாமல் கொட்டினால் தூசியே படுகையை அடைத்துவிடும் என்பதையும் மதிப்பீட்டில் எழுதிவிடு.

படுகைக்கு முன்னால் வரும் வண்டல் தொட்டி மூன்றடி ஆழத்தைத் தாண்ட வேண்டாம். மூடியை இரண்டு துண்டாகப் போடு. தூய்மைக் காவலர் வெளியே நின்றபடியே நீளக் காம்பு வைத்த வாளியால் அள்ள வேண்டும். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. நம் வரைபடங்கள் இன்னும் ஆள் இறங்கும் ஆழத்திலேயே இருக்கின்றன.

மண் சோதனை செய்த தெருக்களில் காலனித் தெரு இல்லை. இந்த வாரமே அங்கேயும் தோண்டிப் பார். காலையில் குழாயில் தண்ணீர் விடும் நேரத்துக்குப் போனால் பெண்கள் வெளியில் இருப்பார்கள். எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர்களிடமே கேட்டு உன் அட்டவணையில் சேர்த்துக்கொள். அதன் பிறகு வரைபடத்தை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
உன் மூத்த பொறியாளன்