இணையதளம் திறக்கலையா? எண்ணைப் பாருங்க
மகளிர் குழு மசாலா வியாபாரத்துக்கு இணையதளம் தொடங்குறீங்களா? ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருடச் சலுகையை மட்டும் பார்க்காதீங்க; புதுப்பிக்கும் கட்டணத்தையும் பேக்கப் வசதியையும் கேளுங்கள். முக்கியமா, டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாகணும். தளம் செய்து தந்தவர் பெயரில் இருந்து, நாளைக்கு அவர் போனை எடுக்கலைன்னா கடைப் பெயரே கைவிட்டுப் போகும்.

தளம் திறக்காமல் 403 என்று வந்தால் பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். கோப்புகளுக்கு 644, ஃபோல்டர்களுக்கு 755 வைத்துப் பாருங்கள். அவசரத்துக்கு 777 போட்டால் கடையைப் பூட்டாமல் போன மாதிரி. 500 வந்தால் கடைசியாக எதை மாற்றினோம் என்று யோசியுங்கள். அப்பாச்சி சர்வரில் பலமுறை '.எச்டிஆக்சஸ்' கோப்பில் உள்ள எழுத்துப்பிழைதான் காரணம். அதன் பெயரை மாற்றிவிட்டுத் தளத்தைத் திறந்து பாருங்க. 'பாதுகாப்பற்றது' என்று போன் எச்சரித்தால் எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி ஆயிடுச்சா பாருங்கள்.