குகைத்தளங்களில் தமிழ்

மதுரை மாவட்டத்தில் மேலூருக்கு அருகே உள்ள மாங்குளம் குன்றில் இயற்கையான குகைத்தளங்கள் உள்ளன. அவற்றின் தரையில் வழவழப்பாக வெட்டப்பட்ட கற்படுக்கைகளைக் காணலாம். தலை வைத்துக்கொள்ளும் இடம் தலையணைபோலச் சற்று உயர்த்திச் செதுக்கப்பட்டிருக்கும். மழைநீர் உள்ளே வழியாதிருக்கப் பாறையின் நெற்றியில் காடி வெட்டியுள்ளனர். அதனையொட்டிச் சில எழுத்து வரிகள் பொறிக்கப்பட்டுள்ளன. 1882ஆம் ஆண்டு ராபர்ட் சீவெல் இவ்வெழுத்துகளைக் கண்டு குறிப்பிட்டார். ஆயினும், அவை முழுமையாகப் படித்தறியப்படுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இக்காலத் தாழ்வுக்குக் காரணம் அறிஞர்களின் முயற்சிக் குறைவு அன்று.

எழுத்துத் தெரிந்தும் சொல் விளங்காமை

அசோகர் கல்வெட்டுகளின் பிராமி எழுத்தை ஜேம்ஸ் பிரின்செப் 1837ஆம் ஆண்டிலேயே படித்துவிட்டார். பாண்டிய நாட்டுக் குகைகளில் காணப்பட்டதும் பிராமியின் ஒரு வகையே. எனவே, எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒலிக்க முடிந்தது. சேர்த்துப் படித்தால் மட்டும் பொருள் கிடைக்கவில்லை. இலங்கையிலும் இவற்றைப் போன்ற குகைகள் உண்டு. அங்கே வாழ்ந்தவர் பௌத்தத் துறவியர். அந்த ஒப்புமையைக் கொண்டு, தமிழகக் குகைகளும் பௌத்தர்க்கு உரியவை, கல்வெட்டுகளின் மொழி பாலி என்று கல்வெட்டறிஞர் வெங்கையா கருதினார். அன்று கிடைத்திருந்த சான்றுகளை நோக்க, அது பொருந்தாத ஊகம் என்று கூறிவிட முடியாது.

அந்த ஊகத்தை அசைத்தது மொழி ஆராய்ச்சி. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கீழ்த்திசை மாநாட்டில், இக்கல்வெட்டுகளின் மொழி தமிழே என எடுத்துரைத்தார். அவர் இரண்டு செய்திகளைக் கவனித்தார். வட இந்தியப் பிராமியில் இல்லாத, ழ, ள, ற, ன ஆகிய ஒலிகளுக்குரிய எழுத்துகள் இங்கே இருந்தன. க, ச, த, ப முதலியவற்றுக்கு வடமொழிகளில் அமையும் ஒலிப்புடை எழுத்துகளும் மூச்சொலி எழுத்துகளும் இங்குப் பெரும்பாலும் இல்லை. உள்ளவற்றோடு இல்லாதவற்றையும் எண்ணிப் பார்த்ததே அவரது ஆய்வின் நுட்பம் ஆகும்.

மொழி தமிழ் என்று தெரிந்த பின்னரும் இடர் தீரவில்லை. 'மகன்' என்று இருக்க வேண்டிய இடத்தில் கல்வெட்டு 'மாகான' என்று ஒலித்தது. எழுதியவர் கல்லாதவரா, படிப்பவர் பிழை செய்கிறாரா என்னும் ஐயம் எழுந்தது. இதற்கு விடை கண்டவர் ஐராவதம் மகாதேவன். இந்திய ஆட்சிப்பணியில் இருந்துகொண்டே கல்வெட்டாய்வில் ஈடுபட்ட அவர், குகைகளுக்கு நேரில் சென்று எழுத்துகளைப் படியெடுத்தார். அசோகர் பிராமியில் குறியீடு எதுவும் பெறாத எழுத்து 'க' என்பதுபோல அகரம் ஏறிய உயிர்மெய் ஆகும்; பக்கக்கோடு பெற்றால் அது 'கா' ஆகும். தொன்மையான தமிழ்க் கல்வெட்டுகளிலோ குறியீடு பெறாத எழுத்து வெறும் மெய். பக்கக்கோடு அகரத்தையும் குறிக்கும், ஆகாரத்தையும் குறிக்கும். இடம் நோக்கியே குறிலா நெடிலா எனத் துணிய வேண்டும். இம்முறையில் படித்தபோது 'மாகான' என்பது 'மகன்' ஆயிற்று. கல்லில் எழுதியவர் பிழை செய்யவில்லை. அவர் தம் மொழிக்கேற்ப வேறொரு முறையைக் கையாண்டிருந்தார். மெய் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் கூறும் விதியையும் இதனோடு இணைத்துப் பார்க்கலாம். மெய்க்கும் உயிர்மெய்க்கும் இடையே நேர்ந்த மயக்கத்தைப் பின்னாளில் புள்ளி நீக்கியது.

அரசரும் துறவியரும்

கரூர் மாவட்டம் புகழூரில் உள்ள கல்வெட்டு ஒன்றை மகாதேவன் 1965ஆம் ஆண்டு படித்தறிந்தார். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவர் மகன் பெருங்கடுங்கோன், அவர் மகன் இளங்கடுங்கோ எனச் சேர மரபின் மூன்று தலைமுறையினர் அதில் வரிசையாகக் குறிக்கப்படுகின்றனர். பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இம்மூவரும் ஒப்பிடப்படுகின்றனர். பாட்டில் மட்டும் அறியப்பட்டிருந்த மன்னர் மரபுக்குக் கல்லிலும் சான்று கிடைத்தது.

இளங்கடுங்கோ இளவரசர் ஆனபோது, அக்குகையைப் பெற்றவர் யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய அமணர். 'அமணர்' என்பது சமணத் துறவியைக் குறிக்கும் சொல். மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் அலுவலரான கடலன் வழுதி என்பார் கணி நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்துள்ளார். இவ்வாறு சமய வரலாற்றை ஆராய்ந்தோர் சொற்களையும் பெயர்களையும் ஒப்பிட்டு, இக்குகைகளுள் பெரும்பாலானவை சமணர்க்கு உரியவை என்னும் முடிவுக்கு வந்தனர். மொழியைத் திருத்திப் படித்த பிறகே சமயம் பற்றிய கருத்தும் திருந்தியது என்பது கருதத்தக்கது.

உப்பும் கொழுவும்

அரசர் பெயர்கள் ஆய்வாளரின் கண்ணை முதலில் ஈர்த்தன என்றாலும், இக்கல்வெட்டுகளில் மிகுதியும் சுவை தருபவர் எளிய கொடையாளர்களே. அழகர்மலைக் கல்வெட்டில் உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், மதுரைப் பொற்கொல்லர் ஆகியோர் தத்தம் பெயர்களோடு இடம்பெறுகின்றனர். அறுவை என்பது ஆடை. கொழு என்பது கலப்பையில் பொருத்தும் இரும்பு. புகழூரில் கருவூர்ப் பொன்வாணிகர் ஒருவர் காணப்படுகிறார். மாங்குளத்தில் தனி வணிகரோடு, வெள்ளறை நிகமத்தார் என்னும் வணிகக் குழுவினரும் கொடையளித்துள்ளனர். அக்குழுவைச் சார்ந்த ஒருவர் 'காவிதி' என்னும் பட்டம் பெற்றிருந்தார். மதுரைக்காஞ்சியிலும் இடம்பெறும் பட்டம் அது.

ஒரு துறவியின் படுக்கைக்கு உப்பு விற்றவர் ஏன் பொருள் கொடுத்தார்? அக்கால வணிகத்தை ஆராய்வோர் இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றனர். குகைகள் பல பழைய வணிகப் பெருவழிகளை ஒட்டி அமைந்துள்ளன. வழிச்செல்லும் வணிகரும் ஊர் ஊராகச் சென்ற துறவியரும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டிருக்கலாம். அப்பாதை கடலோடு நின்றுவிடவும் இல்லை. செங்கடற்கரையில் எகிப்தின் குசேர் அல் காதிம் என்னுமிடத்தில் சாதன், கணன் என்னும் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. தாய்லாந்தில் 'பெரும்பதன் கல்' என எழுதப்பட்ட உரைகல் கிடைத்தது. பொன்னின் மாற்றறியும் அச்சிறு கல்லை ஒரு பொற்கொல்லர் கடல் கடந்து எடுத்துச் சென்றிருக்கிறார்.

எழுத்தின் வயது

இவ்வெழுத்து எப்போது தோன்றியது என்னும் வினாவில்தான் கருத்து வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. எழுத்துகளின் வடிவ வளர்ச்சியைக் கொண்டு மகாதேவன் மாங்குளக் கல்வெட்டுகளை ஏறத்தாழக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைத்தார். அதன்பின் இயற்பியல் இவ்வாய்வில் நுழைந்தது. உயிருள்ளவற்றின் உடலில் கரிமம்-14 என்னும் கதிரியக்க அணு உண்டு. உயிர் நீங்கிய பின் அது குறைந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 5,730 ஆண்டுகளில் பாதியாகும். எஞ்சியுள்ள அளவைக் கண்டறிந்தால் காலத்தைக் கணிக்கலாம்.

பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழி ஒன்றில் நெல்மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த கலந்தாங்கியும் கிடைத்தன. நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரியின் காலம் கி.மு. 580 எனத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு அறிவித்தது.

இவ்விடத்தில் மாணவர் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆய்வகம் அளப்பது நெல்லின் வயதை அல்லது கரியின் வயதை. எழுத்தின் வயதை அன்று. நெல்லும் எழுத்தும் ஒரே காலத்தில் ஒரே குழிக்குள் வைக்கப்பட்டன என்பதை மண்ணடுக்கைப் பார்த்து அகழாய்வாளரே நிறுவ வேண்டும். அடுக்கு பிற்காலத்தில் கலைந்திருந்தால், கருவி எத்துணைத் துல்லியமானதாக இருந்தும் பயனில்லை. ஆகவேதான் ஒன்றிரண்டு கணிப்புகள் போதா என்று சிலரும், வெவ்வேறு ஊர்களின் முடிவுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்று வேறு சிலரும் வாதிடுகின்றனர். எழுத்து வடிவம் காட்டும் காலத்துக்கும் நெல்மணி காட்டும் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் உள்ளன. அந்த இடைவெளியை நிரப்பும் சான்றுகளைத் தேடித் தமிழகத்தில் அகழாய்வுகள் தொடர்ந்து நடைபெறுகின்றன.