கணக்கு கேட்கும் முன்

அன்புத் தங்கைக்கு,

பெரும்பாக்கத்திலிருந்து நீ எழுதிய கடிதமும் அதோடு வைத்திருந்த படிவங்களும் கிடைத்தன. லிஃப்ட் ஓடாத நாளிலும் எட்டாவது மாடி வரை ஏறிப் போய்க் கேட்டு எழுதியிருக்கிறாய். ஊட்டச்சத்து படித்துவிட்டு வருகிற பலர் மேஜையை விட்டு நகர்வதில்லை. உன் அக்கறையில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன்.

ஒரே ஒரு படிவத்தை எடுத்துக்கொள்கிறேன். கணவர் லோடுமேன், வாரச் சம்பளம். மனைவி மயிலாப்பூர் பக்கம் மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பெருக்கித் துடைக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். நேற்று காலை முதல் இரவு வரை சாப்பிட்டது என்ன என்ற இடத்தில் நீ எழுதியிருப்பது இது: காலையில் டீ, பன். மதியம் ரேஷன் அரிசிச் சோறு, ரசம். இரவு கடையில் வாங்கிய பரோட்டாவும் சிக்கன் ரைஸும், 280 ரூபாய். முட்டை இல்லை, கீரை இல்லை, பழம் இல்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒரே வரி: “பணம் இருக்கிறது, பொறுப்பு இல்லை.”

இந்த வரி அந்தப் பெண்ணுக்கு அநியாயம். அதைவிட, நீ படித்த படிப்புக்கும் இது பொருந்தாது. ஏன் என்று சொல்கிறேன்.

நீ எழுதிய அந்த ‘நேற்று’ ஒரு சனிக்கிழமை. முதலில் அந்த நாளைப் பார். விடியுமுன் எழுந்து, சோறு வடித்து, ரசம் வைத்து, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். பெண்களுக்குக் கட்டணம் இல்லாத பஸ் 2021-லிருந்து ஓடுகிறது. அது வரும் வரை ஏசி பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் விட்டுவிட்டு நிற்பார். மிச்சமாகிற காசுக்கு அவர் கொடுப்பது நேரம். மூன்று வீட்டு வேலை முடித்து, இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு தண்ணீர் பிடிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும். கீரை வாங்கியிருந்தால் உட்கார்ந்து ஆய வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் காலையில் வாங்கிய கீரை அந்த நேரத்துக்குள் வதங்கி அழுகத் தொடங்கியிருக்கும். சிலிண்டரோ அடுத்த மாதம் வரை இழுத்தாக வேண்டும். அன்றைக்குத்தான் கணவர் கைக்கு வாரக் கூலி வந்திருக்கிறது. பிள்ளைகள் அந்த ஒரு ராத்திரிக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் அது அடுப்புப் பக்கம் போகாத ஒரே ராத்திரி.

280 ரூபாயில் அவர் வாங்கியது இத்தனையும். உன் படிவத்தில் சோற்றுக்கும் பரோட்டாவுக்கும்தான் கட்டம் இருக்கிறது.

அடுத்தது முட்டை. இந்த மாநிலத்தில் பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்தது தாய்மாருக்குப் புத்தி சொன்னதால் நடந்ததல்ல. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவை விரிவுபடுத்தினார். 1989-ல் கருணாநிதி அரசு அதில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்த்தது. 2010-ல் அது வாரம் ஐந்து முட்டை ஆனது. 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. ஒவ்வொரு படியிலும் தட்டில் எதையோ வைத்தார்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இது நன்றாகத் தெரியும். “ஸ்கூல்ல முட்டை குடுத்துடுறாங்கம்மா” என்று பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் சொல்வார்கள். சனிக்கிழமை வீட்டில் முட்டை வாங்காமல் விட்டதில் ஒரு கணக்கு இருக்கிறது. வீட்டில் சமைத்ததையும் கடையில் வாங்கியதையும் மட்டும் கேட்கிற படிவத்தில் அந்தக் கணக்கு ஏறாது.

இப்போது அதே தாளைத் திருப்பிப் படி. பிள்ளைகளுக்குப் பள்ளியில் முட்டை உண்டு. கணவர் வேலைக்குப் போகிற இடத்தில் மதியம் மீனோ கறியோ சாப்பிடுவார். சிக்கன் ரைஸில் கிடக்கும் கறித்துண்டுகளும் பிள்ளைகளுக்கும் அவருக்கும்தான் போயிருக்கும். காலையில் டீயும் பன்னும், மதியம் ரசம் சோறு, இரவு பரோட்டாவும் சால்னாவும் என்று ஒரு நாளை ஓட்டியவர் யார்? அந்தப் பெண் மட்டும்தான். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உன் எதிரில் உட்கார்ந்து பதில் சொன்னவர் அந்த வயதுக்காரர். வெளிறிய நகத்தைப் பார்த்தாயா, படியேறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாயா என்பதற்குப் படிவத்தில் ஒரு சொல்கூட இல்லை. கண் பரோட்டாவில் நின்றுவிட்டது. பொறுப்பு இல்லை என்று எழுதிய பிறகு தேடிப் பார்க்க எதுவும் மிச்சம் இருக்காது, தங்கை. குற்றவாளி கிடைத்தாயிற்று என்று மனசு நின்றுவிடும். என் பயமெல்லாம் அதுதான்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. வாயைத் திறந்து கண்டிக்காவிட்டாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அடுத்த முறை நீ போகும்போது அந்த வீட்டில் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரைப் பொரியல், வாழைப்பழம் எல்லாம் சாப்பிட்டிருப்பார்கள். அத்தனையும் உனக்காகச் சொன்னவை. எந்தப் பதில் உனக்குப் பிடிக்கும் என்பதை மக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்கு முகம் பார்த்துப் பேசுவது தினப்பாடு. அந்தப் பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு நீ யாருக்கு என்ன சிகிச்சை சொல்ல முடியும்?

லண்டனில் லாம்பெத் பகுதியில் நூறு வருஷத்துக்கு முன்பு நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1909 முதல் ஃபேபியன் பெண்கள் குழுவினர் அங்கே வாராவாரம் வீடுகளுக்குப் போய், தாய்மாரையே வரவு செலவு எழுதச் சொன்னார்கள். வாரம் 18 முதல் 30 ஷில்லிங் வரை நிலையான கூலி வாங்கிய குடும்பங்கள் அவை. அதை அந்தக் குழுவைச் சேர்ந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-ல் ‘ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்’ என்ற புத்தகமாக எழுதினார். ஏழைத் தாய்மாருக்குப் படித்தவர்கள் அன்று சொல்லிக்கொண்டிருந்த புத்திமதி ஓட்ஸ் கஞ்சி. விலையும் குறைவு, சத்தும் அதிகம், இவர்கள் ஏன் ரொட்டியையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று கேட்டார்கள். ரீவ்ஸ் போய்ப் பார்த்தார். கஞ்சி பதமாக வேக நேரமாகும், பக்கத்திலேயே நின்று கிளற வேண்டும், அதுவரை அடுப்புக்குக் காசு கொடுத்தாக வேண்டும். கைக்குழந்தையோடு நிற்கிறவளுக்கு அது அடிப்பிடிக்கும். குழம்பு வெந்த அதே பழைய பாத்திரத்தில்தான் கஞ்சியும் வேக வேண்டும். பாலும் சர்க்கரையும் சேர்க்க வழியில்லை. அவை இல்லாத கஞ்சியைக் கணவரும் பிள்ளைகளும் தொடுவதில்லை. ரொட்டியை வெட்டிக் கையில் கொடுத்தால் ஒரு துண்டு வீணாகாது. பிள்ளை துப்பிவிடுகிற சத்துணவுதான் ஏழை வீட்டில் மிக விலை உயர்ந்த உணவு என்பதை அந்தத் தாய்மார் தெரிந்து வைத்திருந்தார்கள். அறிவுரை சொன்னவர்களுக்குத் தெரியவில்லை. வாரந்தோறும் சில பென்னிகளை ஈமச்சடங்கு இன்சூரன்ஸுக்குக் கட்டியதையும் வெளியாட்கள் வீண்செலவு என்றார்கள். பெற்ற பிள்ளைகள் அடிக்கடி சாகிற தெருவில், பிள்ளையின் உடலைத் தர்மச் செலவில் புதைக்க விடமாட்டேன் என்று ஒரு தாய் கட்டிய காசு அது.

நம்முடைய ஓட்ஸ் கஞ்சி கேழ்வரகும் சிறுதானியமும். இருபது கிலோ வரை அரிசி ரேஷனில் இலவசமாகக் கிடைக்கும்போது கடையில் காசு கொடுத்துத் தினை வாங்கச் சொல்கிறோம். களி கிளறும் நேரத்தையும் கேஸையும் கை வலியையும் யார் கணக்கில் எழுதுவது? கேழ்வரகு நல்ல தானியம்தான், எனக்கும் பிடிக்கும். அதைச் சொல்வதற்கு முன் யார் கிளறுவார்கள், எப்போது கிளறுவார்கள், பிள்ளை சாப்பிடுமா என்று கேட்டுவிடு. மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற யோசனையும் அப்படித்தான். மொத்தமாக வாங்க மொத்தமாகக் காசு வேண்டும். அண்ணாச்சி கடையில் விலை ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அங்கேதான் நோட்டில் எழுதிக்கொண்டு பொருள் தருவார்கள்.

ருசியைப் பற்றியும் ஒன்று. சீனாவின் ஹூனான் மாகாணத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையைக் குறைத்துக் கொடுத்து ஜென்சன், மில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் சோதித்தார்கள். மக்கள் அரிசி வாங்குவதைக் குறைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் காசு மிஞ்சியதும் வாய்க்கு ருசியாக எதையாவது வாங்கினார்கள். நீயும் நானும் சம்பளம் வந்த அன்று அதையே செய்கிறோம். 2022–23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், இந்திய நகரங்களில் ஒரு குடும்பத்தின் மொத்தச் செலவில் சுமார் 10.6 சதவீதம் பானங்களுக்கும் பாக்கெட் பண்டங்களுக்கும் வெளியில் வாங்கும் சாப்பாட்டுக்கும் போனது. உணவுச் செலவில் அதுதான் பெரிய பங்கு. கிராமத்திலும் 9.6 சதவீதம். இது எல்லாத் தட்டு மக்களையும் சேர்த்த சராசரி. ஆனால் படிவத்தை எடுத்துக்கொண்டு நாம் யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம் என்று யோசித்துப் பார். சலுகை வாங்குகிறவர் சாப்பாட்டுக் கணக்கையும் சேர்த்துக் காட்டியாக வேண்டும் என்று இந்தச் சமூகம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்புக்கு நம் தொழில் ஆள் பிடித்துக் கொடுக்கக் கூடாது.

இப்படிச் சொல்வதால் மைதாவும் பாமாயிலும் சர்க்கரையும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. சர்க்கரை நோயால் கால் விரல் போனவர்களை அதே மாடிகளில் நீயே பார்ப்பாய். நோயைப் பற்றி நேராகப் பேசு, மழுப்பாதே. பேச்சு உடம்பைப் பற்றியதாக இருக்கட்டும். பணம் எப்படிப் போயிற்று என்று விசாரிக்க நமக்கு உரிமையில்லை. யோசனை சொல்லும்போது அவர் ஏற்கெனவே போகிற கடையில், ஏற்கெனவே கொடுக்கிற காசுக்குள் சொல். பிள்ளைக்கு ஐந்து ரூபாய் சிப்ஸ் வாங்கிக் கொடுக்கிற கடையிலேயே கண்ணாடி ஜாடியில் கடலை மிட்டாய் இருக்கும். ரேஷனில் முப்பது ரூபாய்க்கு வாங்குகிற ஒரு கிலோ துவரம்பருப்பு மாதம் முழுக்க எப்படிப் போகிறது என்று கேள். அவர் சொல்கிற உபாயத்தை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த வீட்டில் சொல். மத்தி மீன் மலிவாக வரும் நாள் எது என்று உன்னைவிட அவருக்குத் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குக் காசு செலவில்லாத யோசனை ஒன்று இப்போதே இருக்கிறது. வேலை செய்கிற வீட்டில் சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிறாரா என்று கேள். குடித்தால், சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடச் சொல். சோற்றிலும் பருப்பிலும் இருக்கிற கொஞ்ச இரும்புச்சத்தை டீ உடம்பில் சேர விடாது. ரசத்தை இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் அது சேர உதவும். ரத்தப் பரிசோதனைக்குப் பகலில் வரச் சொல்லாதே. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலையில் மருத்துவர் இருக்கிற நேரத்தை விசாரித்து, நீயே கூட்டிக்கொண்டு போ. மாத்திரை கொடுத்தால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு புரட்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடு. சொல்லாவிட்டால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

படிவத்தை மாற்றுவது பற்றி உன் மேலதிகாரியிடம் இந்த வாரமே பேசு. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வேலை செய்யும் வீட்டிலும் சாப்பிட்டதற்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். வீட்டில் ஒவ்வொருவரும் சாப்பிட்டதைத் தனியாக எழுத இடம் வேண்டும். சமைக்கிறவர் எழுந்த நேரம், வீடு திரும்பிய நேரம், சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, கடையில் பாக்கி உண்டா என்பதும் வேண்டும். குறிப்பு எழுதும் கட்டத்தில் உடம்பில் கண்டதை மட்டும் எழுதலாம் என்று மேலேயே அச்சடித்துவிடலாம். நான் ஒரு மாதிரி போட்டு வைத்திருக்கிறேன், அடுத்த தபாலில் அனுப்புகிறேன். முதலில் அதே மாடியில் நாலு வீட்டில் கேட்டுப் பார், எந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறார்கள் என்று எனக்கு எழுது. அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் அளவையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் அக்கா