ஒரு நெட் லைன், இரண்டு பழைய கம்ப்யூட்டர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள பட்டறைகளிலும், திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டிலும் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். சின்னப் பட்டறை என்றால் பெரும்பாலும் இரண்டு கம்ப்யூட்டர்தான். ஆபீஸ் அறையில் ஜிஎஸ்டி, இ-வே பில்லுக்கு ஒன்று; ஷெட்டுக்குள் மெஷினுக்கு புரோகிராம் ஏற்ற இன்னொன்று. "ஒரே நெட்டை ரெண்டுக்கும் குடுத்துடுங்கண்ணே" என்பார்கள்.

கொடுப்பது சுலபம். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு வந்த 1999 முதலே, ஒரு கம்ப்யூட்டருக்கு வரும் நெட்டை அதன் வழியாக இன்னொன்றுக்கு அனுப்பும் வசதி உண்டு. ஆனால் முதல் கம்ப்யூட்டரை அணைத்தால் இரண்டாவதற்கும் நெட் போய்விடும். இப்போது மோடத்தின் பின்னாலேயே லேன் போர்ட் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கேபிள் போடுங்கள். நூறு மீட்டர் வரை கவலையில்லை. வெல்டிங் மெஷின், மோட்டார் வயர்களோடு சேர்த்துக் கட்டாமல் தனி பிவிசி பைப்பில் கொண்டுபோங்கள். அடைமழைக் காலத்தில் இடி இடித்தால் மோடத்துக்கு வரும் டெலிபோன் வயரையும் கழற்றிவிடுங்கள்.

நெட் வந்தும் எந்த சைட்டும் திறக்கவில்லையா? முதலில் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னுக்குப் போயிருக்கும்; பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் மறுத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில்கூடக் கிடைக்கும் அந்த பேட்டரியை மாற்றினால் போதும்.

நான் முதலில் கேட்பது வேறு: ஷெட் கம்ப்யூட்டருக்கு நெட் எதற்கு? அதில் பெரும்பாலும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியே முடிந்தது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. பழைய ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கின்றன. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் இப்படிப்பட்ட ஓட்டை வழியாகத்தான், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே, கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவியது. பிரான்சில் ரெனோ கார் ஆலைகளிலேயே உற்பத்தி நின்றது.

ஷெட்டுக்கு டிராயிங் ஃபைல் மட்டும் வந்தால் போதும் என்றால் ஒரு வழி இருக்கிறது. மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால், ஷெட் கம்ப்யூட்டருக்கு 192.168.1.50 என்று கையால் கொடுங்கள். சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரோடு ஃபைல் பரிமாறலாம். ஷெட் கம்ப்யூட்டரிலிருந்து நெட்டுக்குப் போக முடியாது. முழுப் பாதுகாப்பு இதுவல்ல. ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தால் இங்கும் வரும். அதனால் வங்கி வேலை நடக்கும் அந்தக் கம்ப்யூட்டரை முதலில் புதுசாக்குங்கள்.

மெஷின் புரோகிராம்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, கழற்றி, பீரோவில் வையுங்கள். இந்த வாரமே செய்துவிடுங்கள்.