பிள்ளைகளின் மூக்கில் இரத்தம் வடிந்தால்

2005-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோலசிலாங்கூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை பிரகடனமானது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அத்தகைய புகைமூட்டம் மூக்கின் உட்தோலை உறுத்தும். சளியும் விரலால் நோண்டும் பழக்கமும் சேர்ந்தால் இரத்தம் கசியும். நாமோ "உடம்புச் சூடு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

மூக்கின் நடுச்சுவரில், முன்பக்கமாக, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் கூடுகின்றன. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வடிவது அங்கிருந்துதான். வெளியிலிருந்து அழுத்தினாலே அடங்கக்கூடிய இடம் அது.

கம்போங் குவாந்தான் பக்கத்துக் கடைகளில், அழும் பிள்ளையின் தலையை அண்ணாந்து பிடிப்பதைக் காண்கிறோம். அது தவறு. இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியாகும். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, தலையைச் சற்று முன்னே குனியச் செய்து, எலும்புக்குக் கீழுள்ள மெத்தென்ற பாகத்தைப் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூச்சு வாயால் விடட்டும். கடைக் கடிகாரத்தைப் பார்த்தே கணக்கிடுக. நின்றதாவென்று இடையில் விட்டுப் பார்த்துக் காரியத்தைக் கெடுப்பவர் நம்மில் அநேகர். நிற்காவிடில் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் அடங்காவிட்டாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையானாலோ தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குத் தாமதியாமல் கொண்டு செல்க.

காய்ச்சலும் உடன் இருந்தால் டிங்கியாக இருக்கலாம். அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும். ஆஸ்பிரின் கொடுத்தால் இரத்தப்போக்கு அதிகமாகும். மாத்திரை கேட்டு வருவோரிடம், யாருக்கென்று விசாரித்த பின்பே நாம் எடுத்துக் கொடுக்கவேண்டும்.