வீட்டுல வேலை பாக்கறவங்களுக்கு லேப்டாப்பா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு ஆர்டர் போடு!

ஆபீஸ் அட்மின் வேலை உன் தலையிலயா? பாதிப் பேர் வாரம் ரெண்டு நாள் வருவாங்க, மீதிப் பேர் தென்காசி, தேனின்னு சொந்த ஊர்லேயே உக்காந்து வேலை பாப்பாங்க. பக்கத்து சீட்டுல மெஷின் மக்கர் பண்ணினா எந்திரிச்சுப் போய்ப் பாத்துடலாம். தென்காசிக்கு பஸ் பிடிச்சா போவே? லேப்டாப் அனுப்பறதைக் கட்டுச்சோறு கட்டற மாதிரி நினைச்சுக்கோ. பஸ் கிளம்பினப்புறம் ஊறுகாயைத் தூக்கிட்டு ஓட முடியாது.

1. முதல்ல கணக்கெடு. யாருகிட்ட என்ன மாடல், எந்த வருஷம் வாங்கினது, சீரியல் நம்பர், வாரன்டி எப்போ முடியுது. ஒரே ஷீட்ல போடு. "லேப்டாப் நல்லா இருக்கா?"ன்னு கேக்காதே, எல்லாரும் "பரவாயில்ல"ம்பாங்க. "ஆன் பண்ணினா எத்தனை நிமிஷம் ஆகுது?"ன்னு கேளு, உண்மை வந்துடும்.

2. "விண்டோஸ் 10 ஓடுதே"ன்னு விட்டுடாதே. அதுக்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. ஓடும், புதுசா ஓட்டை வந்தா அடைக்கத்தான் ஆள் இல்ல. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் ப்ராசசர்னா பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ இருக்கணும். மைக்ரோசாஃப்டோட 'பிசி ஹெல்த் செக்' ஆப் போட்டாத் தெரிஞ்சுடும். காசு கட்டி நீட்டிக்கவும் வழி உண்டு. ஆனா கம்பெனிகளுக்கு மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், வருஷா வருஷம் ரெண்டு மடங்கு, அதுவும் 3 வருஷம்தான். அந்தக் காசைப் புதுசுல போடு.

3. அந்த ஹெல்த் செக்ல பாஸ் ஆச்சு, ஆனா ஆமை வேகமா? தூக்கிப் போடாதே. பழைய ஹார்ட் டிஸ்க்கா இருந்தா எஸ்எஸ்டி மாத்து, மெஷினே புதுசான மாதிரி ஓடும். புதுசு வாங்கினா 16 ஜிபி ராம் கேளு. மெல்லிசு லேப்டாப் பலதுல ராமை போர்டுலேயே ஒட்டியிருப்பான், பின்னாடி கூட்ட முடியாது.

4. விலை குறைவுன்னு 'ஹோம்' எடிஷன் வாங்காதே, 'ப்ரோ' வாங்கு. அதுல இருக்கிற பிட்லாக்கர் பூட்டைப் போட்டுட்டா, பஸ்ல பை தொலைஞ்சாலும் உள்ளே இருக்கிற ஃபைலை எவனாலயும் படிக்க முடியாது. ரெகவரி கீயை அந்த லேப்டாப்லேயே சேமிக்காதே. வீட்டைப் பூட்டி சாவியை உள்ளே வைக்கிற கதைதான்!

5. வாரன்டி 'ஆன்சைட்'டா இருக்கட்டும். இல்லேன்னா ஊர்ல இருந்து வேலை பாக்கறவங்க சர்வீஸ் சென்டருக்கு ஒரு நாள் அலையணும். அவங்க பின்கோடுக்கு ஆள் வருவாங்களான்னு ஆர்டருக்கு முன்னாடியே கேளு.

6. அனுப்பறதுக்கு முன்னாடி உன் மொபைல் ஹாட்ஸ்பாட்ல லாகின் பண்ணிப் பாரு. இதுல நானே சூடுபட்டவ. ஒரு தடவை அவசரத்துல அப்படியே கூரியர்ல அனுப்பிட்டேன். அந்த மெஷின்ல புது ஆள் முதல் தடவை லாகின் பண்ண ஆபீஸ் நெட்வொர்க் வேணும். விபிஎன்னோ லாகின் ஆனப்புறம்தான் கிடைக்கும். லேப்டாப் திரும்பி வந்துது, ஒரு வாரம் வீண்.

7. பையை முழுசாக் கட்டு. சார்ஜர், மைக் வெச்ச ஹெட்செட், மவுஸ். கூடவே மோடத்துக்கு ஒரு குட்டி யுபிஎஸ். கரண்ட் போனா லேப்டாப் பேட்டரியில ஓடும், மோடம் ஓடாதே!

8. எல்லாத்தையும் ஒரே வருஷம் வாங்காதே, ஒரே வருஷம் கிழடாகும். வருஷத்துக்கு கால்வாசி மாத்து. ஒரு ஸ்பேர் எப்பவும் ரெடியா இருக்கட்டும்.

9. பழசைக் காயலான் கடைக்குப் போடாதே. டெலிட் பண்ணினா மட்டும் அழிஞ்சுடாது. டிஸ்க்கை முழுசா வைப் பண்ணி, அங்கீகாரம் உள்ள இ-வேஸ்ட் ஆளுங்ககிட்ட கொடுத்து ரசீது வாங்கிக்கோ.

சரி, ஷீட்டைத் திற. முதல் வரியில உன் லேப்டாப்பை எழுது. ஊருக்கெல்லாம் புதுசு கொடுத்துட்டு நீ ஓட்டைப் பெட்டியோட மல்லாடிட்டிருப்பே, எனக்குத் தெரியாதா!