நாலைந்து பெட்டிகள், ஐந்து வழிகள்: ஓசூரிலிருந்து வெளிநாடு குடிபோவோருக்கு

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த பொறியாளர் ஜெர்மனிக்குக் குடிபோகிறார். கிருஷ்ணகிரியில் நர்சிங் முடித்தவருக்குப் பிரிட்டனில் மருத்துவமனை வேலை கிடைக்கிறது. பீரோவும் கட்டிலும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது துணி, புத்தகம், பாத்திரம், பிள்ளைகளின் சாமான் என்று நாலைந்து அட்டைப்பெட்டிகள். சூட்கேசில் அடங்காது; கன்டெய்னர் எடுக்கும் அளவும் இல்லை. இந்த இடைப்பட்ட அளவில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். ஏஜென்ட் சொல்லும் விலையை வைத்து வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

60 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 24.3 வரும். கூரியர்காரர்களின் கணக்கில் அதன் கொள்ளளவு எடை 24.3 கிலோ. உள்ளே ஸ்வெட்டரும் தலையணையுமாக 9 கிலோதான் இருந்தாலும் 24.3 கிலோவுக்குத்தான் பில் வரும். விமானக் கார்கோவில் 6000-ஆல் வகுப்பார்கள், 20.25 கிலோ. கப்பலில் கன மீட்டர் கணக்கு: இதே அளவில் எட்டுப் பெட்டி சேர்ந்தால்தான் ஏறக்குறைய 1 கன மீட்டர் ஆகும்.

புத்தகத்துக்குக் கதை நேர்மாறு. 40×30×30 பெட்டியின் கொள்ளளவு எடை 7.2 கிலோதான், புத்தகம் அடுக்கினால் 20 கிலோவைத் தொடும். அப்போது நிறுத்த எடைக்குத்தான் காசு. ஆகவே கனமான சாமானுக்குக் கப்பல் மலிவு; பஞ்சுபோன்ற சாமானைக் காற்றை வெளியேற்றும் பையில் அமுக்கி உங்களோடு எடுத்துப் போவது மலிவு.

1. விமானத்தில் கூடுதல் லக்கேஜ்

இரண்டு மூன்று பெட்டி வரை முதலில் பார்க்க வேண்டிய வழி இதுதான். அமெரிக்கா, கனடா செல்லும் பல விமானங்களில் ஆளுக்கு 23 கிலோவில் இரண்டு பெட்டி உண்டு. கூடுதல் பெட்டிக்கு முன்கூட்டியே இணையத்தில் கட்டினால், கவுன்டரில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் குறையும். ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றின் கூட்டல் 158 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. மேலே சொன்ன பெட்டி 150-தான். இறங்கியதும் சாமான் கையில் இருக்கும், சுங்கமும் அங்கேயே முடியும். ஒரே சிரமம், பெங்களூரு நகரத்தைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் வரை பெரிய வண்டி தேவைப்படும்.

2. அஞ்சலகம்

ஒன்றிரண்டு பெட்டிக்கு நம்பகமான வழி. எடை உச்சவரம்பு நாட்டுக்கு நாடு மாறும். 20 கிலோவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஒட்டாமல் கொண்டுபோய், அங்கே காட்டிவிட்டு ஒட்டுவது நல்லது. ஆனால் விதிகள் திடீரென மாறலாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கான வரிவிலக்கை நீக்கியபோது, இந்திய அஞ்சல் துறை அங்கே பார்சல் அனுப்புவதை நிறுத்திவைத்து அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. அனுப்பும் வாரத்தில் ஒருமுறை விசாரியுங்கள்.

3. கூரியர்

ஒரு வாரத்தில் வாசலுக்கு வந்துவிடும், விலையும் அதற்கேற்றபடி. சான்றிதழ் நகல், உடனே தேவைப்படும் ஒரு பெட்டி போன்றவற்றுக்கு ஏற்றது. எரிபொருள் கூடுதல் கட்டணம், ஜிஎஸ்டி, அந்த நாட்டு வரி எல்லாம் சேர்த்த தொகையா என்று எழுத்தில் வாங்குங்கள்.

4. துணைவராத லக்கேஜ்

நீங்கள் ஒரு விமானத்திலும் சாமான் கார்கோவிலும் போகும் ஏற்பாடு. கார்கோ கட்டணம் 45 கிலோ, 100 கிலோ என்ற படிகளில் இறங்கும் என்பதால் நாலைந்து பெட்டி சேர்ந்த பிறகே கட்டுப்படியாகும். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் கேட்பார்கள். பெரும்பாலும் விமான நிலையம் வரைக்குமான விலையையே சொல்வார்கள். அந்த ஊர்ச் சுங்க வேலை உங்கள் தலையில் விழும்.

5. கப்பலில் பங்குச் சரக்கு

பலருடைய சாமானோடு ஒரே கன்டெய்னரில் உங்களுடையதும் போகும். எட்டுப் பத்துப் பெட்டி, புத்தகம், எவர்சில்வர் பாத்திரம் என்றால் இதுவே சரி. பெங்களூரு ஏஜென்ட் வழியாகப் போனாலும் ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையத்திலிருந்து ரயிலில் சென்னைத் துறைமுகத்துக்கே சரக்கு போவது வழக்கம். ஆகவே சென்னை, பெங்களூரு இரண்டிலும் விலை கேளுங்கள். ஐரோப்பாவுக்கு இரண்டு மாதமும் அதற்கு மேலும் ஆகலாம்.

கவனிக்க வேண்டியது மறுகரைச் செலவு. இறக்கும் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், கிடங்கு வாடகை எல்லாம் அங்கே போனபின் வரும். சில சமயம் இங்கே கட்டிய தொகையையே தாண்டிவிடும். பெரும்பாலும் குறைந்தபட்சம் 1 கன மீட்டருக்குக் கட்டணம் போடுவதால், மூன்று பெட்டிக்குக் கப்பலை நாட வேண்டாம். “வீட்டு வாசல் வரை எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்ற ஒரே கேள்வியை எல்லா ஏஜென்டிடமும் கேளுங்கள்.

காகிதமும் எல்லையும்

பிரிட்டன் குடிபெயர்வோர் வரிவிலக்கு தரும். சாமான் போகுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும், 6 மாதமாவது உங்களிடம் இருந்த பொருளாக இருக்க வேண்டும். ஜெர்மனியிலும் அதே 6 மாத விதி உண்டு. கனடாவுக்கு, பின்னால் வரும் சாமானின் பட்டியலை முதல்முறை இறங்கும்போதே காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கு 3299 படிவம். ஆகவே புதிதாக வாங்கிக் குவிக்காமல், புழங்கிய சாமானையே அனுப்புங்கள். பெட்டிக்குப் பெட்டி எண் போட்டு, “பழைய சேலை 6, புழங்கிய குக்கர் 1” என்று பட்டியல் எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி வழியாகக் கர்நாடகாவுக்குள் பெட்டி போகும்போது பலர் இ-வே பில் பற்றிப் பயப்படுகிறார்கள். புழங்கிய வீட்டுச் சாமானுக்கு அது தேவையில்லை என்று ஜிஎஸ்டி விதியே சொல்கிறது. பட்டியலின் நகல் ஒன்று வண்டியில் இருக்கட்டும். வண்டிக்குக் கர்நாடக அனுமதி உண்டா என்று மட்டும் முன்பே கேளுங்கள்.

எதை அனுப்பாமல் விடலாம்?

அமெரிக்காவிலும் கனடாவிலும் மின்சாரம் 120 வோல்ட். நம்மூர் மிக்சியும் கிரைண்டரும் அங்கே நேரடியாக ஓடாது. ஜெர்மனி, பிரிட்டன், சிங்கப்பூரில் பிளக் மட்டும் மாற்றினால் போதும். பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். ஆஸ்திரேலியாவுக்கு விதை, மரச்சாமான், உணவுப்பொருள் என்றால் கடும் சோதனை உண்டு. மரப்பெட்டியில் கட்டினால் வெப்பப் பதப்படுத்திய முத்திரை அதில் இருக்க வேண்டும்.

சுருக்கமாக: மூன்று பெட்டி வரை லக்கேஜ், அவசரமான ஒன்றுக்குக் கூரியர், அவசரமில்லாத ஒன்றுக்கு அஞ்சல், ஒரு மாதம்கூடக் காத்திருக்க முடியாத நாலைந்துக்குக் கார்கோ, எட்டுக்கு மேல், கனமாக இருந்தால் கப்பல். எல்லாப் பெட்டியையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. துணியை உங்களோடு எடுத்துக்கொண்டு புத்தகத்தை மட்டும் தனியாக அனுப்பினால் பல வீடுகளில் மொத்தச் செலவு குறையும். அசல் சான்றிதழ், நகை, மருந்து மூன்றும் எந்தப் பெட்டியிலும் போகக் கூடாது. அவை உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.